எக்ஸ்சேஞ் அக்கா வீட்டுத் தகர ஆண்கள்

புதிதாகத் தலைமயிர் வெட்டிக்கொண்டு எந்த ஆண்பிள்ளையாவது எங்கள் தெருவால் போனால், எக்ஸ்சேஞ் அக்கா படலையைத் திறந்துகொண்டு வெளியே வருவார். வயது, சாதி, சமயம் ஒன்றும் பார்ப்பதில்லை. பாண்காரர், தபால்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

“எந்தச் சலூனில வெட்டினனீங்கள்?”

பதில் கிடைத்ததும் அடுத்தது வரும்.

“சுவரில தகரப் பலகை ஏதும் தொங்குதோ? ஆம்பிளை முகம் போட்டது?”

எனக்கும் முதல் சந்திப்பு அப்படித்தான். கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை அரசாங்கக் கச்சேரிக்குக் கிளாக்கராக வந்து, அவருடைய பக்கத்து வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டு திரும்பும்போது மறித்துக் கேட்டார். நான் திடுக்கிட்டுப் போனேன். கேள்வியால் அல்ல, குரலால். அந்த வாரம் முழுவதும் வேலையிடத்தில் கந்தோர்த் தொலைபேசியை எடுத்தபோதெல்லாம் “இலக்கம் தாங்கோ” என்று கேட்ட அதே குரல், நரை தொட்ட கொண்டையும் நூல் சேலையுமாக முன்னால் நின்றது.

ஊருக்கே தெரிந்த குரல் அது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் அவர் கை பட்டுத்தான் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் அழைப்புப் போகும். பிள்ளை பிறந்தது, மாமனார் செத்தது, மீன் விலை ஏறியது எல்லாம் அவர் காதுக்குள்ளால்தான் போனது. அவருக்கென்று ஓர் அழைப்பு வந்ததாக நான் ஒருநாளும் கேள்விப்படவில்லை.

“பலகை இருந்தது அக்கா. ஷேவிங் சோப் விளம்பரம். முகம் முழுக்க நுரை,” என்றேன்.

“நுரையோ? அப்ப வேண்டாம்,” என்று திரும்பியவர், படலையில் கை வைத்தபடி யோசித்தார். “இல்லை, அதையும் கேட்டுப் பாருங்கோ. நுரைக்கு மேல நெத்தி தெரியும்தானே.”

சரி, கழன்ற கேஸ் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அறை தந்த வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னார். “அது ஆம்பிளையள் நிறைஞ்ச வீடு தம்பி. ஆனா ஒருத்தனும் சாப்பாடு கேக்கிறதில்லை.”

ஒருநாள் அக்காவுக்குத் தபாலில் வந்த ஏதோ எங்கள் வீட்டில் மாறிக் கொடுபட, அதைக் கொடுக்க உள்ளே போனேன். வீட்டுக்காரி சொன்னதில் பொய் இல்லை. முன் விறாந்தையிலிருந்து குசினி வாசல்வரை சுவரெல்லாம் தகர ஆண்கள். ஹெயார் கிறீம் பூசிய ஆண், பிளேட் பிடித்த ஆண், பவுடர் போட்ட கழுத்தைச் சரித்துக் காட்டும் ஆண், சுருட்டுக்காரன், தொப்பிக்காரன், கப்பற்படைக்காரன். எல்லோருக்கும் பல் வெள்ளை. எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒருவனுக்குக் கண்ணில் துரு, ஒருவனுக்குக் காதில் ஆணித் துவாரம், ஒருவனின் கன்னத்தில் எவனோ கத்தி தீட்டிப் பார்த்த கீறல்.

வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் டொக்யார்ட் வீதிப் பக்கம் தடுக்கி விழுந்தால் சலூன். மாலுமிமாரின் தலைகளை நம்பி நடந்த கடைகள் அவை. ஒவ்வொன்றின் சுவரிலும் கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர் இலவசமாக அடித்துவிட்டுப் போன பலகைகள். கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போக, சலூன்களும் ஒவ்வொன்றாகப் பூட்டின. மிஞ்சிய கடைக்காரர்கள் பலகைகளுக்கு மேல் சினிமாக்காரிகளின் கலண்டர்களை மாட்டினார்கள். அக்கா புதுக் கலண்டர் கொடுத்துப் பழைய பலகையை வாங்குவார். எந்தச் சலூன்காரருக்கும் அது லாபமான வியாபாரம்தான்.

ஆனால் வாங்கப் போவது அக்கா இல்லை. அந்தக் காலத்தில் சலூன் படியில் பெண்பிள்ளை கால் வைப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது, ஆனாலும் வைப்பதில்லை. அதனால் யாராவது ஓர் ஆண் உள்ளே போகவேண்டும். சில மாதங்களில் அந்த ஆண் நானாகிவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊரில் எனக்கும் பேச ஆள் இல்லை என்பது ஒரு காரணம்.

வேலை இப்படித்தான் நடக்கும். அக்கா தெருவுக்கு அந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சும்மா போய்ப் பலகை கேட்டால் மரியாதையில்லை என்று நான் முதலில் முடி வெட்டிக்கொள்வேன். எனக்கு இருந்த தலைமயிருக்கு இத்தனை சலூன் அநியாயம். கச்சேரியில் ஒருவர் “வீட்டில ஏதும் துக்கமோ?” என்றே கேட்டுவிட்டார். வெட்டி முடிந்ததும் பலகையைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்து உயர்த்திக் காட்டுவேன். தெருவுக்கு அப்பாலிருந்து அக்கா பார்ப்பார். ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து அணையும். தலை இல்லை என்று ஆடும்.

“அப்ப விடட்டோ அக்கா?”

“இல்லை, கொண்டு வாங்கோ. நாளைக்குக் கடை பூட்டினா அவரை ஆர் பாக்கிறது?”

மத்திய வீதியில் ஒரு சலூன்காரர் பெரிய குறும்பர். “தம்பி, அக்காட்டச் சொல்லுங்கோ, பலகையைக் கழட்டினா சுவரும் சேந்து வருமெண்டு. அதுதான் கடையைத் தாங்கிக்கொண்டு நிக்குது,” என்றார். சொன்னதுபோலவே ஒரு கூடை சாந்து உதிர்ந்தது. தெருவில் நின்ற அக்கா குடைக்குள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்த கதையையும் வீட்டுக்காரிதான் சொன்னார். மனைவியை இழந்த ஒரு தலைமை வாத்தியார் பெண் பார்க்க வந்தாராம். கதிரையில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார், சுவரைச் சுற்றிவரப் பார்த்தார்.

“கலியாணத்துக்குப் பிறகு இவையளை என்ன செய்யப் போறீர்?” என்று கேட்டிருக்கிறார்.

“இவை இருப்பினம். உங்களை எங்க இருத்துறது எண்டுதான் யோசிக்கிறன்,” என்றாராம் அக்கா.

வாத்தியார் தேத்தண்ணியை முடிக்காமலே எழும்பிப் போய்விட்டார். இந்தக் கதையைச் சொல்லி வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு முதல் தடவை சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

காரணம் தெரிந்தது மார்கழியில். வாடைக்காற்று துறைமுகத்திலிருந்து நேராக வீட்டுக்குள் அடிக்கும் மாதம் அது. ஒரு மழைப் பின்னேரம் ஓலைப் பெட்டியில் பலகாரம் கொடுக்கப் போனேன். சுவர் நிறையத் தகரங்கள் ஆணியில் ஆடி ஆடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

“இருங்கோ தம்பி. இவையளுக்குக் காத்தடிச்சா கதை கூடிப்போடும்,” என்றார்.

அன்றுதான் சாமி அறைப் பக்கம் தொங்கிய படத்தைப் பார்த்தேன். ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். அப்பா, அம்மா, கதிரையில் இளவயது அக்கா. அக்காவுக்குப் பின்னால் நின்றவருக்கு முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் ஒழுங்காக வெட்டப்பட்ட ஒரு துவாரம். அதற்குள்ளால் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. அந்த ஆளின் கை மட்டும் அக்காவின் தோளில் அப்படியே இருந்தது.

“என்ர தம்பி,” என்றார் அக்கா. “அப்பாதான் பிளேட்டால வெட்டினவர். சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் போனவனுக்கு இந்த வீட்டில முகம் இல்லையெண்டு சொல்லிப்போட்டு வெட்டினவர். வேற படமும் இல்லை. ஏடனிலயிருந்து ஒரு கார்ட் வந்தது. அவ்வளவுதான்.”

சுதந்திரம் கிடைத்து அதிகம் நாள் ஆகாத காலம். தம்பிக்குப் பத்தொன்பது வயது. போவதற்கு முதல்நாள் கடைத்தெருவுக்குப் போகும் வழியில், “கொஞ்சம் நில் அக்கா, தலையை வெட்டிக்கொண்டு வாறன்” என்று டொக்யார்ட் வாசலுக்குக் கிட்ட இருந்த ஒரு சலூனுக்குள் நுழைந்தானாம். பச்சை நிறத்தில் பாதிக் கதவு போட்ட கடை. அக்கா தெருவில் வெயிலில் நின்றார். கதவுக்குக் கீழால் தம்பியின் கால் தெரிந்தது. கதவுக்கு மேலால், சுவரில் எதையோ சுட்டிக்காட்டி உயர்ந்த அவன் கை தெரிந்தது. “இந்தப் பலகையில இருக்கிற மாதிரி வெட்டுங்கோ” என்ற சத்தமும் கேட்டது. பலகை மட்டும் தெரியவில்லை.

“வெளியில வந்து, முன்மயிரைத் தடவிக்கொண்டு, ‘எப்பிடி அக்கா?’ எண்டு கேட்டவன். வெள்ளைக்கார மாலுமியள் போய் வாற தெரு. அவ்வளவு நேரம் நிண்டதில எனக்கு விசர் வந்திட்டுது. ‘காகக்கூடு மாதிரி இருக்கு, நட’ எண்டு சொன்னனான். விடிய எழும்பிப் பாத்தா பாய் சுருட்டி வச்சிருக்கு. ஆள் இல்லை.”

தகரங்கள் சத்தமிட்டன. அக்கா எழுந்து போய் அதிகம் ஆடிய ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முதல் அவன்ர காது எப்பிடியெண்டு மறந்து போச்சு தம்பி. நான் பெரிசா எடுக்கேல்லை. பிறகு வாய் போச்சு. பிறகு கண். இப்ப நினைச்சுப் பாத்தா அந்தத் தலைமயிர் மட்டும்தான் வருகுது. ஒரு பக்கம் வகிடு, முன்னுக்கு எழும்பின மயிர். கீழ ஒண்டும் இல்லை. அந்தப் படத்தில இருக்கிற மாதிரித்தான்.”

அந்தப் பலகையைக் கண்டால் முகம் திரும்பி வரும். அதுதான் அவருடைய நம்பிக்கை. தேடத் தொடங்கியபோது பச்சைக் கதவுக் கடை தேத்தண்ணிக் கடையாகிவிட்டது. சலூன்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பலகை வேறு சலூன் ஒன்றுக்குக் கைமாறியிருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டார். அதனால்தான் ஊரில் வெட்டிய தலைகளையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தார். பொருந்தாத பலகைகளிலும் அவர் துண்டு துண்டாக எதையோ எடுத்து வைத்திருந்தார். சுருட்டுக்காரனின் தாடையைத் தொட்டுக் காட்டி, “இவருக்கு நாடி கொஞ்சம் அவன்ர,” என்பார். மறுநாள் அதே நாடியைப் பார்த்து, “இல்லை” என்பார்.

எனக்கு அன்று இரக்கம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. என்னுடைய அம்மாவின் முகத்தை அன்றிரவு படுக்கையில் நினைத்துப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

வருடங்கள் போயின. சுவரில் இடம் முடிந்து, பலகைகள் கட்டிலுக்குக் கீழேயும் போயின. அக்காவின் கொண்டை முக்கால்வாசி வெளுத்தது. வெட்டிய தலையைக் கண்டால் படலை திறப்பது மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் பதில் வந்தது ஒரு தயிர்க்காரரிடமிருந்து. கிண்ணியாவிலிருந்து காவடியில் தயிர்ச் சட்டி கொண்டுவருகிறவர். ஒருநாள் காதோரம் புதிதாக வழித்த தலையுடன் வந்தார். அக்கா வழக்கம்போலக் கேட்டார்.

“சலூன் இல்ல ராத்தா. எங்கட வளவுக்குப் பக்கத்தில ஒரு வயசாளி இரிக்கார். வெள்ளக்காரன்ட காலத்தில டொக்யாட்டுக்கிட்ட கடை வெச்சிருந்தவர். இப்ப கடை கிடையாது. அயலாக்களுக்குச் சும்மா வெட்டுவார்.”

அக்கா தயிர்ச் சட்டியைப் பிடித்தபடியே கேட்டார். “கடைக்கு என்ன நிறக் கதவு?”

“அது எனக்குத் தெரியா ராத்தா. நான் அப்ப பிறக்கவே இல்ல.”

அடுத்த சனிக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. நானும் அவரும் பஸ்ஸில் சீனக்குடா கடந்து இறங்கி, கிண்ணியாத் துறையில் பாதை ஏறினோம். வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். அக்கா அன்று வெளிர்நீலச் சேலை உடுத்து, நடுவகிடெடுத்து இழுத்துச் சீவிக் கொண்டை போட்டிருந்தார். கையில் புதுக் கலண்டர்.

தயிர்க்காரர் காட்டிய வீட்டுக்கு முன்னால் வந்ததும் அக்காவின் கால் தானாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் போனது. குடையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“அக்கா, இது சலூன் இல்லை. வீடு,” என்றேன்.

“ஓம். மறந்துபோனன்,” என்று தயங்கித் தயங்கி வந்தார்.

பெரியவருக்கு எண்பதுக்குக் கிட்ட இருக்கும். தாடி முழுவதும் வெள்ளை. முன்னறையில் பழைய சலூன் கதிரை ஒன்றும், ஓரங்களில் ரசம் போன பெரிய கண்ணாடி ஒன்றும் இருந்தன. கடையைப் பூட்டும்போது தூக்கிக்கொண்டு வந்தவையாம். வந்த விஷயத்தை நான் சொன்னேன். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பச்சைக் கதவோ ஐயா?”

“ஓம் தங்கச்சி. பச்ச. பாதிக் கதவு.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பிய ஞாபகம் இரிக்கா எண்டு கேட்டா, இல்ல,” என்றார் பெரியவர். “பொய் சொல்லக்கூடாது. எத்தின தலை வந்த, எத்தின தலை போன. பலகை எண்டா இரிக்கி. என்ட கடையில இருந்ததே ஒரு பலகைதான். வாங்க காட்டுறன்.”

வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டுக் கொட்டிலின் பக்கச் சுவராக அந்தத் தகரம் அடித்திருந்தது. அக்கா ஓடாத குறையாகப் போனார். கீழே ஆங்கில எழுத்து பாதி இருந்தது. ஒரு வெள்ளைக் கொலர் இருந்தது. கொலருக்கு மேல் ஆடுகள் வருடக்கணக்காகக் கொம்பு உரசி உரசி, கடற்காற்றும் சேர்ந்து, எல்லாம் ஒரே துரு. அக்கா கையால் துடைத்தார். சேலைத் தலைப்பால் துடைத்தார். துரு விரலோடு வந்தது. ஓர் ஆட்டுக்குட்டி வந்து கலண்டரை முகர்ந்து பார்த்தது.

இத்தனை வருட நடையும் இந்தக் கொட்டிலில் வந்து முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பெரியவருக்கும் முகம் கறுத்துப்போனது. “அல்லாஹ், தெரிஞ்சிருந்தா நான் இதை ஆட்டுக்குக் குடுப்பனா,” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது பெரியவர் திடீரென்று சொன்னார். “ஆள் ஞாபகம் இல்ல தங்கச்சி. வெட்டு ஞாபகம் இரிக்கி. அந்தப் பலகை வெட்டு, இந்தக் கையால எத்தின பேருக்கு வெட்டியிருப்பன். காட்டவா?”

என் தலையைப் பார்த்தார். அதில் காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. பிறகு அக்காவைப் பார்த்தார். அந்நியப் பெண்ணின் தலையில் அவர் கை வைக்கமாட்டார். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, கணவர் நீட்டிய சீப்பை வாங்கினார்.

“இரிங்க மகள்,” என்று அக்காவைச் சலூன் கதிரையில் இருத்தினார்.

பெரியவர் எங்களுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நின்றபடியே சொன்னார்.

“கொண்டையக் கழட்டு. பின்னுக்கு மடிச்சு உள்ளுக்குச் செருகு, காது தெரியணும். நடு வகிட்டக் கலை. இடப் பக்கம் வகிடு எடு, கண் புருவத்துக்கு நேரா. ஆ. இனி முன்மயிர மேல தூக்கு. இன்னும். சீப்பால பின்னுக்குத் தள்ளிப்போட்டு நெத்தியில கொஞ்சம் விடு.”

சொல்லச் சொல்ல அவருடைய விரல்கள் காற்றில் கத்தரித்துக்கொண்டிருந்தன. அந்த அம்மா சொன்னபடியெல்லாம் செய்து, கையைத் தண்ணீரில் நனைத்து முன்மயிரை ஒருமுறை அழுத்திவிட்டு, ஒதுங்கினார்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். அந்தத் தம்பியை நான் கண்டவன் அல்ல. ஆனாலும் கண்ணாடிக்குள் இருந்தது நாங்கள் கூட்டிக்கொண்டு வந்த அக்கா இல்லை. காது தெரிய, நெற்றி விரிய, முன்மயிர் எழும்பி நிற்க, வயதான ஓர் ஆண்பிள்ளை அங்கே இருந்தான். இத்தனை சுவரிலும் இத்தனை தகரத்திலும் தேடிய காதும் வாயும் கண்ணும் அக்காவின் முகத்திலேயே இருந்திருக்கின்றன. நடுவகிடும் கொண்டையும் அதை மறைத்துவிட்டன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே.

அக்கா தன் இடத்தோளில் கையை வைத்தார். படத்தில் அவன் கை இருந்த இடம். கண்ணாடியைப் பார்த்தபடி, எங்கள் ஒருவருக்கும் அல்லாமல், அவனுக்குச் சொன்னார்.

“வடிவாத்தான் இருக்கடா.”

எக்ஸ்சேஞ்சில் இருபது வருடமாக ஊர் கேட்ட குரல் அல்ல அது. பெரியவர் வாசலைப் பார்த்தபடியே நின்றார். அந்த அம்மா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புறப்படும்போது பலகையைக் கழற்றித் தருவதாகப் பெரியவர் எவ்வளவோ சொன்னார். அக்கா வேண்டாம் என்றார். கழற்றினால் ஆடுகள் மழையில் நனையும் என்றார். கலண்டரை மட்டும் கதிரையில் வைத்துவிட்டு வந்தார். கொண்டை போடவில்லை. அந்த அம்மா வாரிவிட்ட தலையோடேயே தெருவில் நடந்தார். துறையில் நின்றவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

பாதை கரையை விட்டதும் கடற்காற்று முகத்தில் அடித்தது. அக்கா குனிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். நடுத் தண்ணீரில் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“தம்பி, கலைஞ்சு போச்சோ? இன்னும் இருக்கிறானோ?”

விரல்களுக்கு இடையால் நரைமயிர் நாலா பக்கமும் பறந்துகொண்டிருந்தது. வகிடு எப்போதோ போய்விட்டது.

“ஓம் அக்கா,” என்றேன். “அப்பிடியே இருக்கிறார்.”